கரண்டு பில்லில் வரும் 1.6 விழுக்காடு எதற்கு? அதனால் பலன் உண்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பக்கத்து வீட்டு அக்காவும் பில்லைக் காட்டி இதையேதான் கேட்டார். 160 வெள்ளிக் கட்டணம், அதன் கீழே 'கே.டபிள்யு.தி.பி.பி.' என்று 2 வெள்ளி 56 சென். அது புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்குப் போகும் பணம். 2011இல் 1 விழுக்காடாகத் தொடங்கி, 2014இல் 1.6 ஆனது. மாதம் 300 யூனிட்டுக்குள் நிற்கும் வீடுகளுக்கு இது கிடையாது. அதனால் ஏழை வீடுகளுக்குப் பெரிய பாரமில்லை என்பேன்.

பலன்? கொஞ்சம் உண்டு. செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளத்தில் குமிழ் விட்டு நாறுகிறதே, அது மீத்தேன். சும்மா காற்றில் கலப்பதைப் பிடித்து மின்சாரமாக்கினால், நிர்ணயித்த விலை கொடுத்து வாங்க இந்த நிதி உதவுகிறது.

ஆனால் அரசு இலக்கைப் பார்க்கும்போது சற்று உஷாராக இருங்கள். புதுப்பிக்கத்தக்க எரிசக்தியின் பங்கு 2025க்குள் 31, 2035க்குள் 40 விழுக்காடு என்பதெல்லாம் நிறுவுதிறன் கணக்கு, அதாவது நிலையங்கள் அதிகபட்சம் தரக்கூடிய அளவு; உற்பத்திக் கணக்கல்ல. பெரிய அணைகளும் அதில் சேர்த்தி. சோலார் பலகையோ ராத்திரியில் தூங்கும். ஆக, எத்தனை மெகாவாட் நிறுவினார்கள் என்பதைவிட, வருடத்தில் எத்தனை யூனிட் வந்தது, யூனிட்டுக்கு எத்தனை சென் செலவானது என்று கேளுங்கள்.