நுனிக்கால் நடைக்கு அறுவை சிகிச்சை இப்போதே வேண்டுமா?

கேள்வி: எட்டாம் மாதத்தில் பிறந்த என் மகனுக்கு 5 வயது. மூளை முடக்குவாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். கையைப் பிடித்துக்கொண்டால் இரு காலையும் நுனியில் ஊன்றி நடக்கிறான். குதிகால் நரம்பை நீளமாக்கினால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு மருத்துவர். இப்போது வேண்டாம் என்கிறார் மற்றொருவர். என்ன செய்வது?

பதில்: வழக்கில் 'குதிகால் நரம்பு' எனப்படுவது நரம்பு அன்று, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண். இந்த வேறுபாட்டில்தான் உங்கள் கேள்விக்கான விடையும் இருக்கிறது. பாதிப்பு மூளையில் உள்ளது. அது மேலும் பெருகுவதில்லை, எந்த அறுவை சிகிச்சையாலும் நீங்குவதுமில்லை. ஆனால் எப்போதும் விறைத்திருக்கும் தசை, எலும்பு வளரும் வேகத்துக்கு ஈடுகொடுத்து நீள முடியாமல் காலப்போக்கில் இறுகிவிடுகிறது. அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதே எலும்பியல் அறுவை சிகிச்சையின் வேலை.

மெல்ல அழுத்தும்போது பாதம் மேல்நோக்கி மடங்குகிறது என்றால், தசை இன்னும் நிரந்தரமாகச் சுருங்கவில்லை என்று பொருள். அந்நிலையில் பிசியோதெரபி, மாவுக்கட்டு, கால் தாங்கி, விறைத்த தசையைத் தளர்த்தி மூன்று முதல் ஆறு மாதம் வரை பயன்தரும் போட்டுலினம் ஊசி ஆகியவற்றைக் கொண்டே சில ஆண்டுகளைக் கடத்தலாம்.

இந்த வயதில் தசைநாணை மட்டும் நீட்டினால், குழந்தை வளரும்போது இறுக்கம் திரும்பக்கூடும். அதைவிட நான் அஞ்சுவது, அது அளவுக்கு மீறி நீண்டுவிடுவதைத்தான். அப்போது கெண்டைக்கால் வலுவிழக்க, முழங்கால் மடங்கிய நடை உண்டாகி, பதின்பருவத்தில் எடை கூடுகையில் நடப்பதே பெரும்பாடாகிவிடும். இரு காலும் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். மேலும், இடுப்பும் முழங்காலும் மடங்கியிருப்பதாலேயே குதிகால் தூக்கி நிற்பதும் உண்டு. அப்படி நிற்கும் குழந்தைகளுக்குக் கணுக்காலைத் தொடவே கூடாது. முன்பு ஆண்டுக்கொரு தசையாக அறுவை செய்து, மருத்துவர்களே 'பிறந்தநாள் அறுவை' என்று கேலி பேசிய காலம் இருந்தது. இன்று நடையை முறையாக ஆராய்ந்து, இடுப்பு முதல் பாதம் வரை தேவையான திருத்தங்களை ஒரே அமர்வில், பெரும்பாலும் 6 வயதுக்குப் பிறகே செய்கிறோம். அதன்பின் தசைகள் சில மாதங்கள் வலு குறைந்தே இருக்கும். முழுப் பயன் தெரிய ஓராண்டோ அதற்கு மேலோ விடாத பயிற்சி வேண்டும்.

கீழ் முதுகில் உணர்வு நரம்பு வேரிழைகளில் சிலவற்றைத் தேர்ந்து வெட்டி, விறைப்பையே குறைக்கும் சிகிச்சையும் உண்டு. குறைமாதத்தில் பிறந்து, கால்களில் விறைப்பு மட்டுமே கொண்ட, தசை வலு நன்றாக உள்ள 4 முதல் 8 வயதுக் குழந்தைகளில் சிலருக்கு அது பொருந்தும். ஆனால் வெட்டிய இழையை மீட்க முடியாது. ஏற்கெனவே சுருங்கிய தசையை அது நீட்டுவதுமில்லை. முதுகுத்தண்டு நீரில் பேக்லோஃபென் என்ற விறைப்பைக் குறைக்கும் மருந்தைச் செலுத்தும் பம்பு, உடல் முழுதும் கடும் விறைப்புள்ளவர்களுக்கே பெரும்பாலும் தேவைப்படும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் இவற்றையெல்லாம் விட அவசரமானது: இடுப்பு எக்ஸ்ரே. தொடை எலும்பின் தலை வலியே இல்லாமல் மெல்லக் குழியை விட்டு விலகலாம்; மூன்றில் ஒரு பங்கு வெளியே வந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது. உங்கள் கடிதத்தைப் பார்க்கையில் இரண்டாம் மருத்துவரின் பக்கமே சாய்கிறேன். ஆயினும் நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல இயலாது. எக்ஸ்ரேயுடன், மகன் வெறுங்காலில் நடப்பதை முன்புறமும் பக்கவாட்டிலும் கைப்பேசியில் படம்பிடித்து, குழந்தைகள் எலும்பியல் நிபுணரிடம் காட்டுங்கள்.