சலூன்காரர்களுக்கு வகுப்பு: படிகாரக் கல்லில் தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் பேரூரில் பன்னிரண்டு சலூன்கள் இருக்கின்றன. இளைஞர் மன்றத்தின் சார்பில் அவர்களுக்குத் தொற்றுத் தடுப்பு வகுப்பு நடத்த நினைக்கிறோம். எதை, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: செவ்வாய்க்கிழமை வையுங்கள். மற்ற நாளில் வகுப்புக்கு வந்தால் அவர்களுக்கு அன்றைய வருமானம் போய்விடும். மேடை, மைக், பொன்னாடை எதுவும் வேண்டாம். ஒரு சலூனுக்குள்ளேயே உட்காருங்கள்.

'பிளேடை மாற்றுங்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள். எய்ட்ஸ் பிரசாரக் காலத்திலிருந்து கேட்டு அவர்களுக்குக் காது புளித்துவிட்டது. நான் பார்த்தவரை, பெரும்பாலோர் ஆளுக்குப் பாதி பிளேடைப் புதிதாக உடைத்துத்தான் போடுகிறார்கள். சிக்கல் சவரம் முடிந்த பிறகு வருகிறது. ஒரே படிகாரக் கல்லை நனைத்து எல்லார் கன்னத்திலும் தேய்க்கிறார்களே, அதில்தான். ஒருவருடைய கீறலில் கசிந்த இரத்தம் அடுத்தவருடைய கீறலுக்குப் போக அது போதும். ஹெச்.ஐ.வி. உடலுக்கு வெளியே சீக்கிரம் வலுவிழந்துவிடும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் அப்படியல்ல. குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும்.

இதை வாயால் விளக்காதீர்கள். ஈரக் கல்லில் கொஞ்சம் குங்குமத்தைத் தடவி, மூன்று பேர் மணிக்கட்டில் வரிசையாகத் தேய்த்துக் காட்டுங்கள். மூன்றாமவர் கையிலும் சிவப்பு தெரியும். மாற்று வழி செலவில்லாதது: கல்லை இடித்துப் பொடியாக்கி டப்பாவில் வைத்து, ஆளுக்கொரு புதுப் பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்தால் போதும்.

அடுத்து, கத்தியின் பிடி. பிளேடு புதிதாக இருந்தாலும் அதைக் கவ்வும் இடுக்கில் பழைய நுரையும் இரத்தமும் ஒட்டியிருக்கும். கிருமிநாசினி நாலு துளி விட்ட கிண்ணத்தில் முக்கி எடுப்பது வெறும் மனத்திருப்திதான். எஃகுக் கத்தியையும் கத்தரியையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு 20 நிமிடம் கொதிக்க வையுங்கள். இரண்டு ஜோடி வைத்திருந்தால் வேலை தடைபடாது. சீப்பு, கழுத்துத் துணி வழியாகப் பேனும் படர்தாமரையும் பரவும். துவைத்த துணி, கழுவிய சீப்பு என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். பழைய பிளேடுகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடச் சொல்லுங்கள். குப்பை அள்ளுபவரின் விரல் தப்பும்.

தொழிலாளியின் விரலைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். முதலில் வெட்டுப்படுவது அதுதான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. வகுப்பன்றே முதல் ஊசிக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று அருகிலுள்ள மருத்துவரிடம் கேட்டுவையுங்கள். தங்கள் உடம்பைப் பற்றியும் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் மற்றதையும் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் சவரத்துக்குப் போய் உட்காருங்கள். கண்ணாடிக்குக் கீழே அந்தக் கல் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.