மருத்துவர் பதில்கள்: போதையை விட்ட பிறகும் சோர்வு ஏன்?

கேள்வி: காட்பாடியில் விடுதியில் தங்கிப் படித்த என் மகன், இரண்டு ஆண்டுகள் மெத்தாம்பெட்டமைன் பழக்கத்தில் இருந்தான். சிகிச்சைக்குப் பின் மூன்று மாதமாக அதைத் தொடவில்லை. ஆனால் எதிலும் நாட்டமின்றி உட்கார்ந்தே இருக்கிறான். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக்கூட வீட்டை விட்டு வரவில்லை. உறவினர்கள் சோம்பேறி என்கிறார்கள். அவனுடைய மூளை நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, உங்கள் மகனிடம் காண்பது சோம்பல் அன்று, போதையை நிறுத்தியவர்களிடம் மருத்துவர்கள் எதிர்பார்க்கும் நிலைதான் அது. ஒன்றை விரும்பவும் நாடிச் செல்லவும் தூண்டும் மூளை வேதிப்பொருளான டோபமைன், நரம்பணுக்களுக்குள் நுண்ணிய பைகளில் இருந்து, வேண்டும்போது சிறிதளவு வெளிவந்து, கடத்திப் புரதங்களால் மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகிறது. கோகைன் இந்த உள்ளிழுப்பைத் தடுப்பதோடு நிற்கிறது. மெத்தாம்பெட்டமைனோ நரம்பணுவுக்குள்ளேயே புகுந்து, பைகளில் உள்ளதைக் கசியவிட்டு, கடத்திகளை எதிர்த்திசையில் இயக்கி, டோபமைனைப் பெருமளவில் வெளியே தள்ளுகிறது. பைக்கு வெளியே தேங்கும் டோபமைன் ஆக்சிஜனேற்றம் அடைந்து நரம்பு நுனிகளையே சேதப்படுத்துகிறது. இந்த நிலை ஆண்டுக்கணக்கில் தொடரும்போது கடத்திகளும், டோபமைனை உணரும் ஏற்பிகளும் குறைந்துபோவதால், போதையை நிறுத்திய பின்னர் உணவு, நட்பு, திருவிழா எதுவும் மனத்தில் பதிவதில்லை.

இது நிரந்தரம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் நோரா வோல்கோவ் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 17 மாதங்கள் விலகியிருந்தவர்களின் மூளையைப் படமெடுத்தபோது, டோபமைன் கடத்திகள் ஏறத்தாழ 16 முதல் 19 விழுக்காடு மீண்டும் கூடியிருந்தன. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் ஐவரே என்பதையும், நினைவாற்றல் அந்த அளவுக்குத் தேறவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் மூன்று மாதத்தில் முடிவு கட்டுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். ஓராண்டுக்கு மேலாவது பொறுத்திருங்கள்.

இந்தப் பழக்கத்துக்கெனத் தனி மருந்து இல்லை. தொடர்ந்த உளவியல் ஆலோசனையே முதன்மையான சிகிச்சை. நேரத்துக்கு உறக்கம், நாள்தோறும் உடற்பயிற்சி, சிறு சிறு பொறுப்புகள் ஆகியவை துணைநிற்கும். வேலூரில் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தையோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம்; 14446 என்ற தேசிய உதவி எண்ணுக்குக் கட்டணமில்லை. காதில் குரல்கள் கேட்பதாகவோ, யாரோ தன்னைப் பின்தொடர்வதாகவோ, வாழவே பிடிக்கவில்லை என்றோ அவர் சொன்னால், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.