மகள் ஃபேஷன் படிக்கக் கேட்டால்: லண்டன் ஹாரோவில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு

வணக்கம் அக்கா,

ஏ லெவல் முடித்ததும் மகள் ஃபேஷன் படிக்கப் போகிறேன் என்கிறாள், கேட்டால் பங்க் பாணி உடைகளால் பெயர்பெற்ற பிரிட்டிஷ் டிசைனர் விவியன் வெஸ்ட்வுட் பெயரைச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தால் கிழிந்த சட்டையும் சேஃப்டி பின்னும்தான் கண்ணில் படுகின்றன, இதை நம்பிப் பிள்ளையை எப்படி விடுவது என்கிறீர்கள். நியாயமான பயம்தான்.

விவியனுக்கும் அந்தப் பயம் இருந்தது. 1941இல் பிறந்தவர். அம்மா பருத்தி ஆலையில் வேலை செய்தவர். 1950களின் பிற்பகுதியில் குடும்பம் உங்கள் ஹாரோவுக்கே குடிவந்தது. அங்கே கலைக் கல்லூரியில் சேர்ந்தவர், தொழிலாளி வீட்டுப் பெண் இதை வைத்து எப்படிப் பிழைப்பது என்று ஒரே தவணையில் (டேர்மில்) படிப்பை விட்டுவிட்டார். அப்புறம் ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஆனார்.

1971இல் தன் துணைவர் மால்கம் மெக்லாரனுடன் லண்டன் கிங்ஸ் ரோடு 430ஆம் இலக்கத்தில் உடுப்புக் கடை போட்டார். பழைய உடுப்புகளைத் தையல் பிரித்து, வெட்டு எப்படி என்று பார்த்து, திரும்பத் தைத்துத்தான் தொழிலைக் கற்றார். வேகவைத்த கோழி எலும்புகளைச் சங்கிலியால் கோத்து 'ராக்' என்ற எழுத்துகளாக டீ-சர்ட்டில் பொருத்தினார். இரண்டு முழங்காலையும் வாரால் இணைத்த கால்சட்டை தைத்தார். பார்க்கக் குழப்படி மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் கைவேலை.

இசை அந்தக் கடைக்குள்ளேயே வந்து சேர்ந்தது. கடையில் வேலை செய்த கிளென் மேட்லாக், அங்கே வந்துபோன ஸ்டீவ் ஜோன்ஸ், பால் குக், ஜூக்பாக்ஸ் பாட்டுக்குப் பாடிக்காட்டித் தேர்வான ஜான் லைடன்: இவர்கள்தான் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக்குழு. 1975 நவம்பரில் அவர்களின் முதல் கச்சேரி, மேட்லாக் படித்த செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் நடந்தது. கடை உடுப்பு வாங்கக் காசில்லாத இளைஞர்கள், வீட்டிலிருந்த சட்டையைக் கிழித்துப் பின் குத்திக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். பங்க் என்ற இந்த முரட்டு இசையும் உடைப் பாணியும் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதுவே பெரிய காரணம் என்பேன். தானே செய்துகொள்ளலாம் என்ற துணிச்சலை அது பிள்ளைகளுக்குக் கொடுத்தது.

1981இல் கடற்கொள்ளையர் பாணியில் தன் முதல் மேடைக் காட்சியை நடத்தியபோது, பழங்கால ஆண்கள் உடையின் வெட்டுகளைத் தேடிப் படித்துத்தான் செய்தார். பௌ வௌ வௌ என்ற இசைக்குழு அந்த உடைகளை அணிந்து பாடியது. பின்னாளில் வியன்னாவிலும் பெர்லினிலும் பேராசிரியராக இருந்தார்.

சரி, மகள் விஷயம். ஏ லெவலுக்குப் பிறகு ஓராண்டு கலை ஃபவுண்டேஷன் என்ற அடிப்படைப் படிப்பைப் படித்துவிட்டுப் பட்டப்படிப்புக்குப் போவது இங்கே வழக்கமான பாதை. விவியன் விட்டுப்போன அந்தக் கல்லூரி பின்னாளில் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது, அதன் ஹாரோ வளாகத்தில் ஃபேஷன் பட்டப்படிப்பும் உண்டு. வீட்டிலிருந்தே போய்வரலாம். நேர்காணலில் போர்ட்ஃபோலியோ, அதாவது அவள் செய்த வேலைகளின் தொகுப்பைப் பார்ப்பார்கள். அழகான கடைசிப் படத்தைவிட, யோசித்த விதமும் தவறித் திருத்திய பக்கங்களும் அங்கே முக்கியம். வேலை என்றால் டிசைனர் மட்டுமல்ல: பேட்டர்ன் (உடுப்பின் அளவு வடிவம்) வெட்டுபவர், துணி வாங்குபவர், நாடகத்துக்கும் பாடகர்களுக்கும் உடை செய்பவர் என்று பல கதவுகள் இருக்கின்றன. பேட்டர்ன் வெட்டும் திறமை கையில் இருந்தால் நான் அதிகம் கவலைப்பட மாட்டேன்.

கல்லூரிகளின் ஓபன் டே தேதிகளைப் பார்த்து வையுங்கள், கட்டணத்தை அங்கேயே நேரில் கேட்கலாம். என்னைச் சந்திக்க வரும்போது மகள் ஸ்கெட்ச்புக்கோடு, ஒரு பழைய சட்டையைப் பிரித்துத் தானே மறுபடி தைத்து எடுத்துவரட்டும். தையல் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை அக்கா, நீங்கள் திருத்திக் கொடுக்க வேண்டாம்.