வெள்ளிச் சாமானை விற்காதீங்க, ஆச்சி

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஒரு குடும்பம், மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று கேட்க என்னிடம் வந்திருந்தது. அப்பா பலகாரக் கடை வைத்திருக்கிறார். அம்மா கையில் துணிப்பை. அதற்குள் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பளபளப்பான கையேடு. செயற்கை நுண்ணறிவுப் பட்டம், நிர்வாக ஒதுக்கீடு, விடுதியோடு சேர்த்து நாலு வருஷத்துக்கு 18 லட்சம். "இதை விட்டா பிள்ளைக்கு எதிர்காலமே இல்லே" என்று சென்னையிலிருக்கும் அம்மான் தினமும் போன் செய்கிறாராம். பணத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். கல்யாணத்தில் பிறந்த வீட்டார் கொடுத்த வெள்ளிச் சாமானை விற்பது, போதாததற்குக் கடன் வாங்குவது என்றார் அந்த ஆச்சி. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

நானும் முதலில் "பதறாதீங்க, பார்த்துக்கலாம்" என்றுதான் ஆரம்பித்தேன். மகளிடம் பத்து நிமிஷம் பேசிய பிறகு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டேன்.

அவள் தன் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். 80 லட்சம் வரைக்கும் உள்ள பகா எண்களை எண்ணும் நிரல், அவளே எழுதியது. "மெதுவா ஓடுச்சு. ஆனா பார்த்தா பிராசஸர் 12 சதவீதத்தைத் தாண்டவே இல்லே" என்றாள். ஒரு பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் எட்டுக் கணிப்பான்கள், எட்டு ஆட்கள் மாதிரி. எட்டில் ஒரு ஆள் மட்டும் உழைக்கிறான், மற்ற ஏழு பேர் சும்மா இருக்கிறார்கள் என்று அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். உடனே வேலையை எட்டாகப் பிரித்தாள். முதல் பங்கு சட்டென்று முடிந்தது. கடைசிப் பங்கு இழுத்துக்கொண்டே போனது. பெரிய எண்ணைச் சோதிக்க அதிக நேரம் பிடிக்கும் அல்லவா? எண்களைச் சமமாகப் பிரித்தும் வேலை சமமாகவில்லை. அப்புறம் அவள் செய்ததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மொத்தத்தையும் சின்னச் சின்னக் கூறாக நறுக்கி வைத்து, கையில் இருப்பதை முடித்தவன் அடுத்த கூறை எடுத்துக்கொள்ளட்டும் என்று மாற்றியிருந்தாள். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, பாடப்புத்தகம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. "இப்பவும் எட்டு மடங்கு வேகம் வரலே. ஏன்?" என்று என்னையே கேட்டாள்.

அந்த 'ஏன்' ஒரு முழு ஆய்வுத் துறை. ஒரே வேலையைப் பல கணிப்பான்களுக்குப் பிரித்துக் கொடுத்து ஒரே நேரத்தில் செய்ய வைப்பது; இணைக் கணிப்பு என்பார்கள்.

ஆத்தங்குடியில் கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியின் மேல் வண்ணம் ஊற்றும் ஆட்களை இரண்டு மடங்காக்கினால் ஒரு நாளில் இரண்டு மடங்கு கல் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு கல்லும் தண்ணீரில் ஊற வேண்டிய நாள் குறையாது. கணினியிலும் அப்படித்தான். வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாதது என்றால், ஆயிரம் பேரைப் போட்டாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த வாதம் இது. அந்தப் பத்தில் ஒரு பங்கை எப்படிக் குறைப்பது, இரண்டு பேர் ஒரே கணக்கில் ஒரே நேரத்தில் எழுதிக் கெடுக்காமல் எப்படித் தடுப்பது, தரவுக்காகக் காத்திருக்கும் நேரத்தை எப்படி மிச்சப்படுத்துவது என்றுதான் இன்றைக்கும் ஆராய்கிறார்கள்.

இது ஏதோ மூலையில் கிடக்கும் துறை இல்லை. 2004 வாக்கில் சூடு தாங்காமல் ஒற்றைப் பிராசஸரின் வேகம் ஏறுவது ஏறக்குறைய நின்றுபோனது. அதற்குப் பிறகு வந்த வேகத்தில் பெரும்பகுதி வேலையைப் பிரித்துக் கொடுத்ததால் வந்தது. அம்மான் சொல்லும் செயற்கை நுண்ணறிவே ஆயிரக்கணக்கான சின்னக் கணிப்பான்கள் சேர்ந்து உழைப்பதால்தான் ஓடுகிறது. கஜா மாதிரி புயலைக் கணிக்கும் மாதிரியில் வரைபடத்தைப் பிரிக்கும் 12 கிலோமீட்டர் கட்டத்தை 6 ஆக்கினால், நீளம், அகலம், நேர இடைவெளி மூன்றும் பாதியாவதால் கணக்கு சுமார் எட்டு மடங்காகும். அதைச் சரியான நேரத்துக்குள் முடிக்கும் வழியை ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, வழி என்ன? மருத்துவம், சி.ஏ. பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன். இவளுடைய கட்ஆஃபுக்கு காரைக்குடி அழகப்பர் அரசுப் பொறியியல் கல்லூரியைக் கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் மேலே வைக்கச் சொன்னேன். 1952இல் தொடங்கிய கல்லூரி; வீட்டிலிருந்தே போய் வரலாம். கணினிப் பிரிவு கிடைக்காமல் மின்னணுத் தொடர்பியல் பிரிவான இசிஇ கிடைத்தாலும் சேரலாம். எம்.டெக் போன்ற மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு கேட்; அதன் கணினித் தாளை எந்தப் பிரிவுக்காரரும் எழுதலாம், மூன்றாம் வருஷத்திலேயே எழுதலாம். இதற்கிடையில் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் இணை நிரலாக்கப் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். முதல் வருஷமே சி மொழியும், ஒரே கணினிக்குள் வேலையைப் பிரிக்க உதவும் ஓபன்எம்பியும் கைக்கு வந்துவிட வேண்டும், அப்புறம் பல கணினிகளுக்குப் பிரிக்க உதவும் எம்பிஐ. லீனியர் அல்ஜீப்ராவைத் தேர்வுக்காக மட்டும் படிக்கக் கூடாது.

கேட் மதிப்பெண்ணோடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கும் சென்னை ஐஐடியின் எம்.எஸ். ஆய்வுப் படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். அங்கிருந்து பணம் உங்கள் பக்கம் வரும், அண்ணே. கேட் வழியாக எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. முனைவர் பட்ட ஆய்வுக்கான ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000. திருச்சி என்ஐடியிலேயே 2022 முதல் 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது, 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது உச்ச வேகத்தில் நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. வேலைக்கு மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் இருக்கிறது, பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் சிப் நிறுவனங்கள் இருக்கின்றன. பொறுமை வேண்டும், மறைக்கவில்லை. ஒரு பிழையைப் பிடிக்க ஒரு மாதம்கூட ஆகும். ஆனால் ஓடாத நிரலோடு ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருப்பதாக நீங்கள்தானே குறை சொன்னீர்கள்?

செலவு விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். கடை வருமானத்தில் வட்டி கட்டும் குடும்பத்துக்கு 18 லட்சம் என்பது பிள்ளையின் கழுத்தில் கட்டும் கல். கடனை அடைக்கக் கிடைத்த முதல் வேலையில் போய் விழுவாள், ஆய்வுப் பக்கம் திரும்பக்கூட முடியாது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வு நிலையத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, படிப்புக்காக வெள்ளிச் சாமானை எடைக்குப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

"அம்மானுக்கு என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார் அப்பா. அந்த நிரலை அம்மானிடமே ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறேன், முதலில் ஓர் ஆளாக, பிறகு எட்டு ஆளாக. கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலை அவளே நிரப்பட்டும். நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். நாளைக்கு அவளோடு காரைக்குடிக் கல்லூரியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள், ஆச்சி.