கேட்ட பையனுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

கேள்வி: வேதியியலில் ஆர்வமுள்ள நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் கூடிப் பேசுகிறோம். போன வாரம் ஒரு பிளஸ் ஒன் மாணவர், தான் வளர்த்த மயில்துத்த (காப்பர் சல்பேட்) படிகங்கள் ஏன் சர்க்கரை மாதிரி பொடியாக வந்தன என்று கேட்டார். பேச்சு அங்கிருந்து உரம், எங்கள் ஊர் சிப்காட் தொழிற்பேட்டை, பாதரசத்தைத் தங்கமாக்க முயன்ற சித்தர்களின் ரசவாதம் என்று போய்விட்டது. நடுவில் ஒருவர், பாத்ரூம் ஆசிடோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்தால் கறை சுத்தமாகப் போகும் என்றார். பேச்சு என்றால் நாலு பக்கமும் போகத்தானே செய்யும்? இதைப் போய்க் குறை சொல்கிறார்களே!
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: போகட்டும். ஆனால் அந்த மாணவருக்கு என்ன பதில் சொன்னீர்கள்? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

கரைசல் சட்டென்று ஆறினால் ஒரே நேரத்தில் ஆயிரம் இடங்களில் படிகம் பிடிக்கும், எதுவும் பெரிதாகாது. வெந்நீரில் கரைத்து வடிகட்டி, தூசி விழாமல் மூடி, ஆடாமல் அசையாமல் ஆறவிட வேண்டும். அப்புறம் நல்ல படிகம் ஒன்றை நூலில் கட்டிக் கரைசலில் தொங்கவிட வேண்டும். மிஞ்சிய நீலத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. தாமிரம் மீனுக்கு விஷம். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அதே படிகத்தைச் சூடாக்கினால் நீலம் போய் வெளுக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பும், ஏனென்றால் அதன் எடையில் 36 சதவீதம் தண்ணீர்தான் என்று தொடர்ந்திருந்தால், அதுவும் பேச்சு நாலு பக்கம் போவதுதான். அந்தப் பையன் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பான்.

ரசவாதத்துக்கு ஒரு வரி போதும். பாதரச அணுவின் கருவில் 80 புரோட்டான்கள், தங்கத்தில் 79. எந்த அடுப்புச் சூடும் அந்தக் கருவைத் தொடாது.

சிப்காட் பற்றிப் பேசியதை நான் குறை சொல்ல மாட்டேன். கடலூர்க்காரர்கள் அதைப் பேசாமல் வேறு யார் பேசுவது? ஆனால் அதற்கென்று ஒரு ஞாயிறு ஒதுக்குங்கள். 2004-இல் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு என்ன நாற்றம் வந்தது என்று எழுதி வைத்தார்கள். வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பட்டம் படித்தவர்கள் அல்ல அவர்கள். இடமும் நேரமும் குறித்து வைத்ததால்தான் அவர்கள் சொன்னதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. பொத்தாம்பொதுவாக ‘கெமிக்கலே கெட்டது’ என்று பேசியிருந்தால் யார் காதிலும் ஏறியிருக்காது.

என்னைக் கலங்க வைத்தது பிளீச்சிங் பவுடர் விஷயம். அதை ஆசிடோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915-இல், பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தங்கும். சிறிய பாத்ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு, குனிந்து தேய்ப்பவரின் நுரையீரலை நேராகத் தாக்கும். அவர் அதைச் சொன்ன நொடியில் யாராவது குறுக்கிட்டு, ‘ஐயா, அது ஆளைக் கொல்லும், செய்யாதீர்கள்’ என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் பேச்சு தங்கம் செய்யப் போய்விட்டது. நீங்களும் அதை ஏதோ வேடிக்கைபோல எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

அன்று வந்திருந்தவர்களின் நம்பர் உங்களிடம் இருக்கும். அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒவ்வொருவருக்கும் போன் செய்து, அந்த இரண்டையும் சேர்க்கவே கூடாது என்று சொல்லிவிடுங்கள். அந்த மாணவருக்கும்.