மெஷின் அப்புறம், வோல்டேஜ் முதலில்

கேள்வி: எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்து ஓராண்டு ஆகிறது. வீடுகளில் விளக்கும் டி.வி.யும் ஓடுவதோடு சரி. எங்கள் சேமிப்புக் குழுவிலிருந்து, தொழில் செய்யும் நான்கு பேருக்கு மின் இயந்திரம் வாங்கக் கடன் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். ஒருவர் டீசல் என்ஜினில் மாவு மில் ஓட்டுகிறார். மற்றவர்கள் ஒரு தச்சர், ஒரு தையல்காரர், ஃபிரிட்ஜ் கேட்கும் ஒரு கடைக்காரர். யாருக்கு முதலில் கொடுப்பது? எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மாவு மில்காரருக்கு முதலில் கொடுங்கள். அவரிடம் அரைக்க வருகிற கூட்டம் இப்போதே இருக்கிறது. ஒரு ஆள்கூடப் புதிதாக வராவிட்டாலும், டீசலில் மிச்சமாவது அவருக்கு வருமானம்தான். மற்ற மூவர் நிலைமை வேறு: மெஷின் வந்த பிறகு வேலையும் கூட வந்தால்தான் தவணை கட்ட முடியும்.

மில்லின் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 7.5 ஹெச்.பி. மோட்டார் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 6.5 யூனிட் இழுக்கும். அதே வேலையைப் பழைய டீசல் என்ஜின் செய்தால் ஏறத்தாழ 2 லிட்டர் குடிக்கும். உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கழியுங்கள். மாதம் எத்தனை மணி நேரம் அரைக்கிறார் என்பதால் பெருக்குங்கள். மில் ஓடாத மாதத்திலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் இருந்தால் அதையும் கழித்துவிடுங்கள். மிஞ்சும் தொகையில் பாதிக்கு மேல் தவணை வைக்காதீர்கள்.

ஆனால் மோட்டார் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் வோல்டேஜ் பாருங்கள். காலை, மதியம், மாலை விளக்கு போடும் நேரம் என மூன்று வேளையும் மல்டிமீட்டரில் (வோல்டேஜ் அளக்கும் கருவி) பார்த்து நோட்டில் எழுதுங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 207-க்குக் கீழே போகிற நேரங்களில் மோட்டார் ஓட்டக் கூடாது. வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மோட்டாரின் முறுக்கு விசை (சுற்றும் பலம்) ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 190-க்கு இறங்கினால் மூன்றில் ஒரு பங்கு காலி. சுமை மட்டும் குறையாது. மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும், கடைசியில் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பி) கருகும். மாலையில் மட்டும் குறைகிறது என்றால், பகலில் அரைப்பது என்று நேரத்தை மாற்றினாலே போதும்.

10 ஹெச்.பி. டீசல் என்ஜின் இருந்த இடத்தில் பெரும்பாலும் 7.5 ஹெச்.பி. த்ரீ பேஸ் (மூன்று கம்பியில் மின்சாரம் வரும்) மோட்டார் தாங்கும். இதில் பலரும் சறுக்குவது புல்லியில் (பெல்ட் ஓடும் சக்கரம்). என்ஜினில் இருந்த அதே புல்லியை மோட்டாரில் மாட்டிவிடுகிறார்கள். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றும். என்ஜினின் வேகம் வேறு. அரைக்கும் கல் 600 சுற்றுக்கானது, மில் பக்கப் புல்லி 12 அங்குலம் என்றால், மோட்டாருக்கு 5 அங்குலப் புல்லி வேண்டும். அதைவிடப் பெரிதாகப் போட்டால் கல் வேகமெடுக்கும், மாவு சூடேறும், மோட்டாரும் திணறும். பழி மட்டும் மின்சாரத்தின் மேல் விழும்.

ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாரை முதலில் ‘ஸ்டார்’ இணைப்பில் மெதுவாகக் கிளப்பி, பிறகு முழு பலம் தரும் ‘டெல்டா’ இணைப்புக்கு மாற்றும் பெட்டி) போட்டால், கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகும். முறுக்கு விசையும் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே கூம்பில் தானியத்தைக் கொட்டிவிட்டு சுவிட்சைப் போடக் கூடாது. வெறுமனே ஓடவிட்டு, டெல்டாவுக்கு மாறிய பிறகு தானியம் விட வேண்டும். இந்த மோட்டாரின் பெயர்ப் பலகையில் 11 ஆம்பியர் என்று இருக்கும். ஸ்டார்–டெல்டாவில் ஓவர்லோடு ரிலே (அதிக ஆம்பியர் ஓடினால் மோட்டாரை நிறுத்தும் கருவி) வழக்கமாகக் காயிலோடு தொடரில் இருப்பதால், அதை அந்த 11-இன் 0.58 மடங்கில், அதாவது 6.4-இல் வைக்க வேண்டும். 11-இல் வைத்துவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு. அந்த ரிலே இருந்தும் இல்லாத மாதிரி. ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவியையும் மறக்காதீர்கள். டீசல் என்ஜினை உடனே விற்றுவிட வேண்டாம், ஒரு சீசன் ஓரமாக இருக்கட்டும்.

தச்சர் விஷயத்தில் பார்க்க வேண்டியது ஒயர். மீட்டரிலிருந்து பட்டறை 60 மீட்டர் தள்ளி இருக்கிறது, 2 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் ரம்பம் என்று வையுங்கள். ஓடும்போது சுமார் 11 ஆம்பியர் இழுக்கும், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 10 வோல்ட் இறங்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். கிளம்பும்போது இழுப்பதோ ஆறு மடங்கு. அப்போது 55 வோல்ட்டுக்கு மேல் இறங்கிவிடும். மோட்டார் உறுமும், வேகம் பிடிக்காது. வேகம் பிடித்தால்தான், கிளம்புவதற்கு மட்டும் உதவும் ஸ்டார்ட்டிங் கண்டென்சரைத் துண்டிக்கும் உள் சுவிட்ச் விலகும். விலகாததால் கண்டென்சர் வெடிக்கும், ஸ்டார்ட்டிங் காயில் கருகும். தச்சர் மோட்டார் மட்டம் என்பார், மோட்டார் விற்ற கடைக்காரர் கரண்ட் சரியில்லை என்பார். 6 சதுர மி.மீ. ஒயர் போட்டிருந்தால் இறக்கம் 25 வோல்ட்டுக்குள் அடங்கியிருக்கும். கடன் தொகையில் ஒயருக்கும் எர்த்துக்கும் சேர்த்தே ஒதுக்குங்கள். முதலில் கையில் பிடித்து இழைக்கும் மின் இழைப்புளி ஒன்றோடு தொடங்கினாலும் நல்லதுதான். அது 700, 800 வாட்டில் முடியும், கார்பன் பிரஷ் ஒரு ஜோடி உபரியாக இருந்தால் போதும்.

தையல்காரரிடம் ஒரே கேள்வி: தைக்க முடியாமல் துணி திருப்பி அனுப்புகிறாரா? இல்லையென்றால் மோட்டார் அவருக்கு வருமானம் தராது, காலுக்கு ஓய்வு தரும். அதுவும் தேவைதான், ஆனால் அதற்குப் பெரிய கடன் வேண்டாம். வாங்கினால், மிதித்தால் மட்டும் சுற்றும் செர்வோ மோட்டார் வாங்கட்டும். கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கடைக்காரருக்குக் கடைசியில் கொடுங்கள். மில் வேலை இருக்கும்போது மட்டும் யூனிட் எடுக்கும், ஃபிரிட்ஜ் விற்பனை இல்லாத இரவிலும் எடுக்கும். மின்வெட்டு அடிக்கடி வருகிற ஊரில் சரக்கும் கெடும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மேலே திறக்கும் பெட்டி வகையாக இருக்கட்டும். முன்பக்கம் திறப்பதில் ஒவ்வொரு முறையும் குளிர்காற்று கீழே வழிந்து போய்விடும். ஸ்டெபிலைசரில் மூன்று நிமிடத் தாமதம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கரண்ட் போய் உடனே வந்தால், உள்ளே அழுத்தம் இறங்குவதற்குள் கம்ப்ரஸர் கிளம்பப் பார்த்துச் சிக்கிக்கொள்ளும்.